கைவிடப்பட்ட உருக்காலைகளும் உழைப்பாளரின் அறிவும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கைவிடப்பட்ட உருக்காலைகளைப் பற்றியது. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டி ஓடும் மோனங்கஹேலா நதியின் இரு கரைகளிலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் கனன்றுகொண்டிருந்த உலைகளிற் பெரும்பாலானவை, 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்துபோயின. இடித்துத் தள்ளியவை போக எஞ்சியவை துருவேறி நிற்கின்றன. ஜெர்மனியின் ரூர், ஸார் பிரதேசங்களின் சரித்திரமும் ஏறத்தாழ இதுவே. அங்கெல்லாம் புகைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. பழைய இரும்புக்காக அறுத்தெடுக்கப் போகிறவர்கள் உண்டு. வருங்காலத்துக்காகக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று பழுதுபார்க்கப் போகிறவர்களும் உண்டு. இம்மூவகையினரும் அங்கே எதிர்கொள்ளும் அபாயம் யாது, அது எங்கிருந்து வந்தது, அதன் பொருட்டு நாம் செய்யத்தக்கது என்ன என்பவற்றை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருக்காலையின் அபாயம் அதன் அமைப்பிலேயே குடிகொண்டிருப்பது. ஆலை நடந்த காலத்தில் அதை நாள்தோறும், நாழிகைதோறும் அடக்கி வைத்திருந்தது, அங்கே பாடுபட்ட தொழிலாளியின் அறிவு. ஆலையை மூடியபோது அந்த அறிவு வேலையிழந்து வீட்டுக்குப் போய்விட்டது. அபாயம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. கைப்பிடிச் சுவர் இடிந்துபோன கிணற்றைப் போன்றது கைவிடப்பட்ட உருக்காலை: ஆழம் முன்பிருந்த அதே ஆழந்தான், தடுத்து நிறுத்துவதற்குத்தான் எதுவும் இல்லை.

இந்தக் கருத்து விளங்க வேண்டுமானால், உயிரோடிருந்த ஆலை எப்படி இயங்கிற்று என்பதைச் சற்று விஸ்தாரமாகப் பார்க்க வேண்டும். மோனங்கஹேலா நதிக்கரையில், ராங்கின் என்னும் சிற்றூருக்கு அருகே, 'கேரி ஊதுலைகள்' என்று வழங்கும் தொகுதி ஒன்று இருக்கிறது. 1884-ல் தொடங்கிய அத்தொகுதியில், 1907-ல் எழுப்பிய 6-ஆம், 7-ஆம் எண் உலைகள் இரண்டும் 92 அடி உயரத்தில் இன்றும் நிற்கின்றன. உச்ச நிலையில் நாளொன்றுக்கு 1,000 முதல் 1,250 டன் வரை இரும்பைத் தந்த அவ்வுலைகள், உருகிய நிலையிலேயே அந்த இரும்பை ரயில் தொட்டிகளில் ஏற்றிப் பாலத்தின் வழியாக எதிர்க்கரையிலிருந்த ஹோம்ஸ்டெட் ஆலைக்கு அனுப்பின. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குரிய உத்தரங்களை உருவாக்கிய ஆலை அது.

ஊதுலையின் உச்சியிலிருந்து இரும்புத்தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். அடியிலிருந்து, பக்கத்தில் நிற்கும் அடுப்புக் கோபுரங்களில் பழுக்கக் காய்ச்சிய காற்றைப் பேரழுத்தத்தோடு ஊதுவார்கள். கல்கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவாகிறது. அந்த வாயு மேலேறும்போது தாதுவிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொள்ள, இரும்பு விடுபட்டு உருகி அடியில் தேங்குகிறது. மற்ற மண்ணும் கல்லும் சுண்ணாம்போடு கூடிக் கசடாகி அதன்மேல் மிதக்கின்றன. ஆகவே, இரும்பைப் பிரித்துக் கொடுக்கும் அதே வாயுதான் மனிதனைக் கொல்லும் வாயுவுமாகும். நிறமில்லை, மணமில்லை, நம் ரத்தத்தில் பிராணவாயு போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். ஊதுலையிலிருந்து வெளியேறும் வாயுவிலோ அது நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை இருந்தது.

இரும்பை வெளியே எடுக்கும் வேளையைச் சற்று அருகில் நின்று பாருங்கள். உலையின் அடியிலுள்ள துளை, சுட்டு இறுகிய களிமண்ணால் அடைபட்டிருக்கிறது. அதைத் துளைத்துத் திறந்ததும் ஏறக்குறைய 1,500 பாகை உஷ்ணத்தில் இரும்பு சீறிப் புறப்பட்டு, தரையில் மணலால் கட்டிய வாய்க்கால் வழியே ஓடுகிறது. கனமான இரும்பு அடியிலும் இலேசான கசடு மேலேயும் வருவதால், குறுக்கே ஒரு தடுப்பை வைத்துக் கசடை வேறு வாய்க்காலுக்குத் திருப்புகிறார்கள். இதற்கெல்லாம் முன்னதாக அந்த மணல் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது; ஆதலால் உருகிய இரும்பின் அடியில் அகப்பட்ட ஈரம், அந்த இரும்பைப் பீரங்கிக் குண்டுபோல் நாலா திசைகளிலும் வீசியெறிந்துவிடும். மணலின் ஈரத்தைக் கையாலேயே அறிந்தவர்கள், தெறிக்கும் பொறியைப் பார்த்தே இரும்பின் தரத்தைச் சொல்லக்கூடியவர்கள், காற்றுக்குழாயின் முனையிலுள்ள சிறு துவாரத்தில் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்து உள்ளே உஷ்ணம் தாழ்கிறதா ஏறுகிறதா என்று தெரிந்துகொண்டவர்கள் அங்கே இருந்தார்கள். வருஷக்கணக்கில் ஒருவர் செய்வதை மற்றொருவர் பக்கத்தில் நின்று பார்த்து, பார்த்ததைச் செய்து, செய்ததைப் பிறருக்குக் காட்டி வளர்த்த சாஸ்திரம் அது.

அந்தச் சாஸ்திரத்துக்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரிது. உலைக்குள் கொட்டிய சரக்கு சில சமயம் கீழே இறங்காமல் நடுவில் சிக்கிக்கொண்டு தொங்கும். பிறகு திடீரென்று சரியும். அப்போது வாயுவும் நெருப்பும் எரியும் கல்கரியும் வெளியே பாயும். 1889 செப்டம்பரில் பிராடக் என்னும் ஊரிலுள்ள எட்கர் தாம்சன் ஆலையில் இப்படிச் சிக்கிக்கொண்ட உலையொன்றைச் சரிசெய்ய ஆட்களோடு ஆளாக நின்றவர், அந்த ஆலையின் தலைமை நிர்வாகியான காப்டன் வில்லியம் ஜோன்ஸ். உருகிய இரும்பைக் கலந்து சேமிக்கும் கலத்தை வகுத்துக் கொடுத்த மேதை அவர். நீண்ட நேர வேலை மனிதனை மழுக்கிவிடும் என்று கண்டு, எட்டு மணி நேர வேலையே தகும் என்று வாதாடியவர். உலை வெடித்து அவரும் காயமுற்றுச் சில நாட்களுக்குள் மாண்டார். அவ்வளவு கற்றவரையே விடாத உலை, நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிப் பாஷை தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த ஸ்லாவியக் குடியானவனை எவ்வளவு எளிதாக வாரிக்கொண்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்னும் பெண்மணி, பிட்ஸ்பர்க் அடங்கிய அலகெனி மாவட்டத்தில் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் முடிய ஓராண்டில் வேலையின்போது மாண்டவர்களை ஒவ்வொருவராக விசாரித்துக் கணக்கெடுத்தார். மொத்தம் 526 பேர். அவர்களில் 195 பேர் உருக்காலைத் தொழிலாளிகள். மாண்டவர்களில் மணமானவர்களின் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முதலாளியிடமிருந்து பெற்றது 100 டாலரோ அதற்கும் குறைவோ, அல்லது ஒன்றுமே இல்லை. அதே ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஜான் ஃபிட்ச், ஊதுலைத் தொழிலாளி நாளொன்றுக்கு 12 மணி நேரமும் வாரத்தில் ஏழு நாளும் உழைத்ததை எழுதி வைத்தார். பகல் முறைக்காரன் இரவு முறைக்கு மாறும் தினத்தில், இரண்டு வாரங்களுக்கு ஒரு தடவை, தொடர்ந்து 24 மணி நேரம் உலையடியில் நிற்க வேண்டியிருந்தது. 1892-ல் ஹோம்ஸ்டெட்டில் நடந்த பெரும் போராட்டத்தில் தொழிற்சங்கம் தோற்றதற்குப் பின் அதை மறுத்துக் கேட்க வலுவான குரல் இல்லாமற் போயிற்று. எட்டு மணி நேர முறைக்கு இந்த ஆலைகளை நடத்திய பெரிய கம்பெனி இணங்கியது 1923-ல்தான். காப்டன் ஜோன்ஸ் இறந்து 34 வருஷங்கள் கழித்து.

இவ்வளவையும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், ஆலையின் ஒவ்வொரு பாதுகாப்பு விதியும் யாரோ ஒருவர் உயிரைக் கொடுத்துக் கற்றுத் தந்தது என்பது உங்கள் மனத்தில் பதிய வேண்டும். உலை உச்சிக்குத் தனியே ஏறாதே, காற்று வீசும் திசையைப் பார்த்து நில், குழாயைத் திறப்பதற்கு முன் வாயுவை முழுவதும் வெளியேற்று என்னும் விதிகள் அனைத்தும் இப்படிக் கிடைத்தவையே.

கேரி உலைகள் இரண்டும் 1978-ல் நின்றன. தொகுதி முழுவதும் 1982-ல் மூடப்பட்டது. ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் கதவடைத்தது. அந்த ஆலை நின்ற நிலத்தின் பெரும்பகுதியில் இன்று கடைவீதிகளும் சினிமா அரங்குகளும் உள்ளன. பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக எஞ்சியிருக்கின்றன. எதிர்க்கரையிலிருந்த கேரி உலைகளை யாரும் கவனிக்கவில்லை. அங்கே செடிகொடிகள் முளைத்தன. செம்பும் பித்தளையும் களவு போயின. பிறகு மனிதர்கள் வரத் தொடங்கினார்கள்.

அவர்கள் வந்ததை நான் குறை கூறமாட்டேன். அழகுணர்ச்சியுள்ள எவரையும் ஓர் ஊதுலை நின்ற இடத்தில் நிறுத்திவிடும். பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்னும் ஜெர்மானியத் தம்பதியர் 1959 முதல் பல பத்தாண்டுகள் ஊதுலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் நீர்த்தொட்டிகளையும் படமெடுத்து, கோயிற் சிற்பங்களுக்குக் கொடுக்கும் மரியாதையை அவற்றுக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். கேரி உலை வளாகத்துக்குள் 1997-லும் 1998-லும் அனுமதியின்றிப் புகுந்த சில கலைஞர்கள், அங்கே கிடந்த குழாய்களையும் கம்பிகளையும் கொண்டே நாற்பது அடிக்கு மேற்பட்ட மான் தலை ஒன்றை எழுப்பினார்கள். அது இன்றும் அங்கே நிற்கிறது. ஆசை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இடம் ஆசையின் உயர்வைப் பார்த்துக் கருணை காட்டுவதில்லை.

பாழடைந்த ஆலையின் நடைமேடையொன்றைப் பாருங்கள். மேலே இரும்புத் தகடு திடமாகத் தெரிகிறது. பழுப்பு நிறத் தூசியும் காய்ந்த பாசியும் அதன்மேல் படிந்திருக்கின்றன. தண்ணீர் தேங்கி நிற்பதோ, தகடு விட்டத்தோடு சேரும் இடுக்கில். துரு அங்கே, கண்ணுக்கு மறைவாக, அடியிலிருந்து மேல்நோக்கித் தின்றுகொண்டு வருகிறது. மேல்புறம் வழுவழுப்பாக இருக்கையிலேயே தகடு காகிதம்போல் மெலிந்துவிடும். ஆலை நடந்தபோது அந்தப் பாதையில் தினமும் நடந்த பராமரிப்புக்காரர், காலடிச் சத்தம் மாறியதைக் கொண்டே தகட்டை மாற்ற வேண்டிய காலத்தை அறிந்துகொண்டிருப்பார். இன்று அங்கே கால் வைப்பவருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தத்தைச் சொல்ல ஆளில்லை. கீழே முப்பதடி ஆழத்தில் கான்கிரீட் தரை இருக்கிறது. மழைநீர் நிறைந்து, எண்ணெய்ப் படலம் மூடி, சமதரைபோலத் தோற்றமளிக்கும் குழிகளும் அத்தகையவையே.

இதைவிடக் கொடியது மூடிய இடங்களின் காற்று. வாயு போய்விட்டது, ஆலை நின்று முப்பது வருஷமாயிற்று, இனிக் குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் என்ன இருக்கப் போகிறது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் துருப்பிடித்தல் என்பதே இரும்பு பிராணவாயுவோடு கூடுதல் அல்லவா? அடைபட்ட இரும்புத் தொட்டி ஒன்று தானாகவே துருப்பிடித்து, உள்ளே இருந்த பிராணவாயுவை மெல்ல மெல்ல உண்டு தீர்த்துவிடும். காற்றில் நூற்றுக்கு 21 பங்கு இருக்க வேண்டிய அது ஐந்தாறு பங்காகக் குறைந்திருக்குமானால், உள்ளே இறங்கியவர் மூச்சுத் திணறுவதை உணருமுன்பே நினைவிழந்து விழுவார். அவர் விழுந்ததைக் கண்டு தோழர் ஓடிப் போய் இறங்குவார்; அவரும் விழுவார். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், இத்தகைய அடைபட்ட இடங்களில் மாண்டவர்களுள் 60 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் பிறரைக் காப்பாற்றப் போனவர்கள் என்று கண்டது. அன்பும் துணிவுமே உயிரைப் பறிக்கும் இடத்தில், அறிவு ஒன்றே துணை.

மூன்றாவது வகை அபாயம் உடனே கொல்லாதது. குழாய்களையும் கொதிகலன்களையும் சுற்றிக் கட்டிய கல்நார் இன்று பொடிந்து உதிர்கிறது. அதை இன்று சுவாசித்தவருக்கு நோய் வருவது இருபது முப்பது வருஷங்கள் கழித்து. உத்தரங்கள்மேல் பூசிய செந்நிற வர்ணம் ஈயம் கலந்தது. பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில், 1979-ல் அமெரிக்கா உற்பத்தியைத் தடை செய்த நச்சு ரசாயனங்கள் தங்கியிருக்கக்கூடும். பறவைகளின் எச்சம் ஆண்டுக்கணக்கில் குவிந்த இடத்தைக் கிளறினால், நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை கிளம்பும்.

வேலிதாண்டிப் போகும் இளைஞன் இவற்றின் நடுவே சில மணி நேரம் இருந்துவிட்டு வீடு திரும்புகிறான். ஆலையைப் பிரித்தெடுக்கும் தொழிலாளியோ இவற்றின் நடுவே மாதக்கணக்கில் வாழ்கிறான். வாயுச்சுடரால் உத்தரத்தை அறுக்கும்போது ஈய வர்ணம் ஆவியாகி அவனுடைய மூச்சில் ஏறுகிறது. உடையில் படிந்து வீடுவரை போய், தகப்பனைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் உடம்பிலும் சேர்கிறது. நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தில் ஒவ்வொரு விட்டமும் மற்றொன்றின் பாரத்தைச் சுமந்து முறுக்கேறியிருப்பதால், எதை முதலில் அறுப்பது, எதைக் கடைசியில் அறுப்பது என்று அறியாமல் அறுத்தால், அறுபட்ட முனை துள்ளி அறுத்தவனையே அடித்து வீழ்த்தும். கட்டும்போது பொறியாளரின் வரைபடம் இருந்தது. பிரிக்கும்போது அநேக இடங்களில் அவசரமும் கூலியும் மட்டுமே இருக்கின்றன. பிரித்தலும் ஒரு பெருந்தொழிலே என்று காட்டிய உதாரணமும் உண்டு. ஜெர்மனியில் டார்ட்மண்ட் நகரத்து ஃபீனிக்ஸ் உருக்காலையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கம்பெனியொன்று விலைக்கு வாங்கி, சுமார் ஆயிரம் தொழிலாளிகளை அனுப்பி, பாகம் பாகமாகக் கழற்றிக் குறியிட்டுக் கப்பலேற்றிக்கொண்டு போயிற்று. ஆலை நின்ற இடத்தில் இன்று ஓர் ஏரி இருக்கிறது.

இனி, நற்செயல்களைச் சொல்லுகிறேன். ட்யூஸ்பர்க் நகரத்து மைடரிஷ் இரும்பாலை 1985-ல் நின்றபோது, அதை இடிக்காமல் பூங்காவாக மாற்றும் பொறுப்பு பீட்டர் லாட்ஸ் என்னும் நிலவடிவமைப்பாளரிடம் வந்தது. நஞ்சேறிய பொருள்களைத் தாதுக் கிடங்குகளுக்குள்ளேயே இட்டு மூடி, நல்ல கிடங்குகளில் தோட்டம் போட்டு, வாயு சேமித்த பெருந்தொட்டியில் நீர் நிரப்பி முக்குளிப்போருக்குக் கொடுத்தார். கிடங்குச் சுவர்களில் மலையேற்றம் பழகுகிறார்கள். ஸார் பிரதேசத்து ஃபோல்க்லிங்கன் ஆலை 1986-ல் நின்றது. 1994-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. யுத்தகாலத்தில் அங்கே பலவந்தமாக வேலை வாங்கப்பட்டவர்களின் நினைவையும் இன்று அதற்குள்ளேயே போற்றுகிறார்கள். கேரி உலைகள் 2006-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. அங்கே வழிகாட்டியோடு உள்ளே போகலாம், வழிகாட்டிகளில் பழைய உருக்காலைத் தொழிலாளிகளும் இருந்திருக்கிறார்கள். இந்த இடங்களில் எல்லாம் இரும்பை மட்டும் காப்பாற்றவில்லை. அபாயத்தை இன்னின்ன இடத்தில் இன்னின்னது என்று அறிந்து, அளந்து, வேலியிட்டு, அறிந்தவரை முன்னே நடக்கவிட்டுப் பின்னே போகிறார்கள். இடிந்துபோன கைப்பிடிச் சுவரைத் திரும்பக் கட்டுவது என்பது இதுதான்.

ஆதலால் இச்சபையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பாழடைந்த ஆலைகளைக் காண விரும்பும் இளைஞர்களே, அனுமதி பெற்றுப் போங்கள், துணையோடு போங்கள், அந்த இடத்தை அறிந்தவர் வேண்டாம் என்று சொன்ன வாசலில் கால் வைக்காதீர்கள். அங்கே மாண்டவர்கள் உங்களைவிடக் கோழைகளும் அல்லர், விவரம் தெரியாதவர்களும் அல்லர். ஆலையை மூடும் முதலாளிகளும் அரசாங்கமும், கதவுக்குப் பூட்டுப் போடுவதோடு கடமை தீர்ந்ததாக எண்ணலாகாது. வாயுவும் எண்ணெயும் கல்நாரும் எங்கெங்கே எவ்வளவு இருக்கின்றன என்ற கணக்கைக் கடைசித் தொழிலாளி வெளியேறுமுன் எழுதி வாங்கி, பிரிக்கப் போகும் தொழிலாளியின் கையில் அதைக் கொடுத்தாக வேண்டும். அவனுடைய முகமூடிக்கும் மாற்றுடைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் ஆகும் செலவை இரும்பின் விலையிலேயே சேர்த்தாக வேண்டும். மூன்றாவதாக, தொழில் சரித்திரத்தில் அக்கறையுள்ள சங்கங்களும் நூலகங்களும், மூடிய ஆலைகளின் தொழிலாளிகள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் சென்று, அவர்கள் எதைக் கண்டு எச்சரிக்கையானார்கள், எந்தச் சத்தத்துக்கு ஓடினார்கள், எந்த வாடைக்கு விலகினார்கள் என்பதைக் கேட்டு எழுத வேண்டும். உலையின் வரைபடம் கம்பெனியின் பெட்டியில் எப்போதாவது கிடைத்துவிடும். உலையோடு பழகும் முறையோ அந்த முதியவர்களோடு போய்விடும், போனால் திரும்பாது.

ஓர் ஊதுலையை நினைவுச் சின்னமாக்கும் சமூகம், அதற்குப் பக்கத்தில் நின்றவனின் அறிவையும் அதே மதிப்போடு பேணுமானால், ஈஸ்ட்மன் கணக்கெடுத்த அந்த 195 பேரின் மரணம் கற்றுத் தந்த பாடத்தை, இன்று சுடர்பிடித்து இரும்பறுக்கும் தொழிலாளி மறுபடியும் தன் உயிரைக் கொடுத்துக் கற்க வேண்டிய அவசியம் நேராது. அதற்காக நம்மால் இயன்றதைச் செய்வோம்.